தனத்தின் காலில் நான் போட்ட கோடு

முதல் வெள்ளைப் புள்ளி என் மகள் தனத்தின் இடது முழங்காலுக்கு இரண்டு விரற்கடை கீழே வந்தது. அவரை விதை அளவு. அவளுக்கு ஏழு வயது. ஜப்பான்காரர்கள் மலாயாவின் கெடாவுக்கு வந்து ஒரு வருஷம் தாண்டியிருந்தது. பாடாங் செராய் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் வெளிக்காட்டுக் கிராணி (மரங்களையும் பால் வெட்டுகிறவர்களையும் மேற்பார்ப்பவன்). உப்பில்லாத மரவள்ளிக்கிழங்கைத் தின்று எல்லார் தோலும் கெட்டிருந்த காலம். தேமல் என்று நினைத்தேன். பதினெட்டு நாளில் ஒன்று ஐந்தாயிற்று.

தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில் குஷ்டம் என்ற பேச்சு கிளம்பியது. அவள் தொட்ட தண்ணீர்க் குழாயைப் பெண்கள் சாம்பல் போட்டுத் தேய்த்தார்கள். மறைத்து உடுத்தத் துணி இல்லை. என் மனைவி பாக்கியம் பழைய சேலையில் தைத்த இரண்டு பாவாடைகளும் முழங்கால் வரைதான் எட்டின.

தோட்ட மருத்துவமனையின் டிரஸ்ஸர் (மருத்துவ உதவியாளர்) யாழ்ப்பாணத்துக்காரர். புள்ளியின் நடுவில் ஊசியால் குத்தினார். தனம் அலறினாள். அவர் முகம் தெளிந்தது.

“கிராணியார், உது குஷ்டம் இல்லை. குஷ்டமெண்டால் பிள்ளைக்கு ஊசி தெரியாது. உது வெண்புள்ளி. ஒருத்தருக்கும் ஒட்டாது.”

வெண்புள்ளி (தோலின் நிறம் மட்டும் போய்விடும் நோய்) என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். மருந்து கேட்டேன்.

“சண்டைக்கு முன்னமே மருந்து இல்லை. இப்ப நான் எங்கை போறது? பரவுதோ, நிக்குதோ எண்டு பாருங்கோ.”

பார்ப்பதற்கு எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். மாதத் தொடக்கத்தில் ஒவ்வொரு ரப்பர் மரத்தின் பட்டையிலும் கோடு போடுவேன். மாதக் கடைசியில் அந்தக் கோட்டிலிருந்து பால் வெட்டு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளப்பேன். பட்டையை அதிகம் தின்ற வெட்டுக்காரனுக்குத் திட்டு விழும். அதையே தனத்துக்கும் செய்தேன். நாவில் நனைத்தால் ஊதாவாக எழுதும் மைப்பென்சில் ஒன்று மிச்சமிருந்தது. வாரம் ஒருமுறை ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிக் கோடு வரைந்தேன். வெளுப்பு அந்தக் கோட்டைத் தாண்டினால் பரவுகிறது என்று பொருள். அந்த மை ஆறு நாள் போகாது.

நான்காவது வாரம், ரப்பர் காட்டிலிருந்து திரும்பும்போது லயத்துக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. தனத்தைச் சுவரோடு நிறுத்தியிருந்தார்கள். நான்கு பிள்ளைகள். ஒருவன் கூர்மையான குச்சியால் அவள் காலில் என் ஊதாக் கோட்டின் மேலேயே சாய்வாகக் கீறிக்கொண்டிருந்தான். மாரி என்ற சிறுமி, ரப்பர் பால் பிடிப்பதுபோல், கீழே சிரட்டையைப் பிடித்திருந்தாள்.

“கிராணியாரே கோடு போட்டுக் குடுத்துட்டாரு. வெட்டுடா.”

“பால் வரலியே.”

“வெயில் ஏறிப்போச்சுலா. காலையில வெட்டணும்.”

“ஏய், மரம் ஆடக் கூடாது.”

தனம் ஆடவில்லை. அதைத்தான் என்னால் இன்றும் தாங்க முடியவில்லை. கண்ணை மூடி, கைகளை உடம்போடு ஒட்டி, மரமாகவே நின்றிருந்தாள். என்னைக் கண்டதும் பிள்ளைகள் ஓடினார்கள்.

காயம் ஆறிய இடத்தில், ஒரு மாதத்துக்குள், நீளமாக ஒரு வெள்ளைக் கீற்று வந்தது. இந்த நோயில் அப்படி ஆவதுண்டு (தோல் அடிபட்ட இடத்தில் நிறம் போகலாம்) என்றார் டிரஸ்ஸர். அது குச்சி செய்ததா, என் பென்சில் செய்ததா என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

அதன்பிறகு தனம் வீட்டை விட்டு இறங்கவில்லை. பள்ளிக்கும் போகவில்லை, குழாயடிக்கும் போகவில்லை. முப்பத்தொன்பது நாள். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் பிடித்துக்கொண்டிருந்த மாதங்கள் அவை. லயத்தில் வீட்டுக்கு ஒருவர் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள். நானோ, என் பிள்ளை வாசற்படி இறங்குவாளா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதும் நான் பென்சிலை விடவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒரு மாலை அதை எடுத்துக்கொண்டு அருகே போனேன். நான் கேட்கும் முன்பே அவள் காலை நீட்டினாள். கண்ணை மூடிக்கொண்டாள். கைகள் உடம்போடு ஒட்டின.

பாக்கியம் அடுப்படியிலிருந்து பார்த்தாள்.

“ஏங்க, அந்தப் பிள்ளைங்களுக்காவது வெளையாட்டு. ஒங்களுக்கு என்னாங்க?”

அன்று கோடு போடவில்லை. பிறகும் போடவில்லை. கடைசியாக எண்ணியது பதினாறு புள்ளிகள்.

மறுநாள் அதிகாலை பாக்கியம் என்னைக் கேட்காமல் அவளைக் கிழங்குக் கொல்லைக்கு இழுத்துப் போனாள். தோட்டமே அங்கே மண் வெட்டிக்கொண்டிருந்தது. முழங்கால் வரை செம்மண் அப்பியிருந்தால் யார் காலும் யார் காலும் ஒன்றுதான். வெயிலில் அவள் புள்ளிகள் மட்டும் சிவந்து எரிந்தன (நிறமில்லாத தோலுக்கு வெயில் ஆகாது). மூன்றாம் நாள் முதல் வாழையிலையைக் காலில் சுற்றிக் கட்டி அனுப்பினாள்.

மாரியும் அங்கே வந்தாள். அவளுக்குச் சிரங்கு, தலையை மொட்டையடித்திருந்தார்கள். பக்கத்து வரப்பில் இருந்த என் காதில் விழுந்தது இது:

“ஏ தனம், ஒனக்கு அரிக்குமா?”

“இல்ல.”

“எனக்கு ராத்திரில்லாம் அரிக்குது.”

“சொறியாத. புண்ணாயிரும்.”

“சொறியாம எப்படி இருக்கிறது?”

“மரம் மாதிரி இரு.”

மாரி தன் தண்ணீர்ச் சிரட்டையைத் தனத்திடம் நீட்டினாள். தனம் வாங்கவில்லை. ஆனால் இரண்டு வாரம் கழித்துப் பள்ளிக்குப் போனாள், தனியாக.

உங்கள் பிள்ளைக்கு இது வந்திருந்தால், தோல் நோய் தெரிந்த மருத்துவரிடம் காட்டுங்கள். இன்று மருந்துகள் இருக்கின்றன. வெயிலுக்கு மூடுங்கள். பார்க்க வேண்டியதைத் தாளில் எழுதுங்கள், பிள்ளையின் மேல் எழுதாதீர்கள்.

தனம் இப்போது கெடாவிலேயே மெர்கோங்கில் என்னோடு இருக்கிறாள். பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. எஞ்சிய கருமைதான் இப்போது அங்கங்கே திட்டாகத் தெரிகிறது. எத்தனை என்று எனக்குத் தெரியாது.

போன வாரம் என் முதுகில் எண்ணெய் தேய்த்தவள் கையை நிறுத்தினாள்.

“அப்பா, இங்க ஒரு மச்சம் புதுசா இருக்கு.”

“எவ்வளவு பெருசு? போன மாசம் இருந்துச்சா? வளருதா?”

“இருக்குப்பா. வர்ற திங்கக்கிழமை டாக்டர்கிட்ட காட்டுவோம். திரும்புங்க.”

திங்கட்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று அவளிடம் கேட்கவில்லை. முதுகைக் காட்டி ஆடாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் கை அந்த இடத்தைத் தொடாமல் சுற்றிப் போனது.