இடுப்பில் தைத்த பட்டை

பாப்புவா நியூ கினியில் எங்கள் ஊரான போப்பொண்டெட்டாவின் சந்தைக்குப் பின்னால் இருந்த, என் பக்கத்து வீட்டுக்காரர் எம்போகோவின் வீடு எங்கும் ஒழுகும். பழைய ராணுவச் சின்னங்கள் வைத்த மரப்பெட்டியின் மேல் மட்டும் ஒரு சொட்டு விழாது.

சேப்பங்கிழங்கு தோண்டினால் ஆஸ்திரேலியத் தொப்பிச் சின்னமும் ஜப்பானிய நட்சத்திரமும் வருகிற மண் எங்களுடையது. மற்றவர்கள் சுற்றுலாப் பயணிகளிடம் விற்றுவிடுவார்கள். எம்போகோ எலுமிச்சைச் சாறு விட்டுத் தேய்த்துத் துணியில் பொதிந்து வைப்பார்.

"செத்தவன் தொப்பித் தகரத்த வச்சு என்ன பண்ணப் போற? கோழி வளத்தா முட்டையாவது போடும்" என்பாள் மனைவி ஹைரி.

"கோழின்னா நீ கொழம்பு வச்சிருவ. இத வைக்க முடியாதுல்ல?"

பெட்டியின் அடியில் அவருடைய அப்பாவின் சார்ஜென்ட் பட்டை இருந்தது. மூன்று கோடு போட்ட துணி. இரண்டாம் உலகப் போரில் வெள்ளைக்காரனுக்கு முன்னால் காட்டுக்குள் நடந்தவர் அந்த மனிதர். வெள்ளை சார்ஜென்ட் பட்டையைச் சட்டைக் கையில் அணிந்தான். எங்கள் ஆட்களையோ சட்டையைக் கழற்றிவிட்டு, பட்டையை இடுப்புத் துணியில் தைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கறுப்புக் கையில் மூன்று கோடு இருந்தால் வெள்ளைச் சிப்பாய் கீழ்ப்படிய வேண்டிவருமே! அப்பா மறுத்தார். பதவியைப் பிடுங்கிச் சிறையில் போட்டார்கள். பட்டையை மட்டும் அவர் ஒளித்து வைத்துக்கொண்டார். "கையில தைக்கிற நாள் வந்தா வெளிய எடு" என்று மகனிடம் சொல்லிவிட்டுச் செத்தார்.

சொர்க்கத்தில் எல்லோருக்கும் வெள்ளை அங்கி உண்டு என்று அடக்கத்தின்போது பாதிரியார் ஆறுதல் சொன்னார். அங்கேயும் வெள்ளைதானா என்று கேட்டேன். அதோடு அவர் என்னிடம் பேசுவதில்லை.

பல வருஷம் கழித்து ஊரில் போர்க் காட்சிக்கூடம் கட்டினார்கள். பொறுப்பாளன் லெஸ்டர், தலைநகரில் படித்துவிட்டு வந்த எங்கள் ஊர்க்காரன். பட்டையைக் கேட்டு வந்தான்.

"சட்டைக் கையில தைக்கணும். வேற எங்கயும் கூடாது" என்றார் எம்போகோ.

"கவலைய விடுங்க அங்கிள்."

திறப்பு விழாவுக்கு எம்போகோ இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பொம்மை. வெற்று மார்பு. பட்டை இடுப்பில். கீழே பலகையில் 'விசுவாசமான வீரர்' என்று எழுதியிருந்தது.

"சட்டை எங்கடா?"

"அங்கிள், அந்தக் காலத்துப் போட்டோ எல்லாத்துலயும் இடுப்புலதான் இருக்கு. கையில தச்சா, சின்னம் சேக்கிற வெளிநாட்டுக்காரங்க போலின்னு சிரிப்பாங்க."

"அந்தப் போட்டோவுல எங்கப்பா இருக்காரா?"

"இல்லையே அங்கிள்."

"எப்படி இருப்பாரு? அப்ப ஜெயில்ல கெடந்தாரு."

கூட வந்திருந்த என்னால் பொறுக்க முடியவில்லை. "உத்தரவு போட்டவன் ஊரைப் பாக்கப் போயிட்டான். அத நிறைவேத்த நீ சம்பளம் வாங்குறியாடா?" என்று கத்தினேன்.

எம்போகோ கத்தவில்லை. பாக்கு வெட்டும் கத்தியை எடுத்தார். கண்ணாடிக் கதவைத் திறந்து தையலை அறுக்கத் தொடங்கினார். ஒரு கோடு பிரிவதற்குள் காவலாளி கையை முறுக்கிவிட்டான். கொடுத்த பொருள் கூடத்தின் சொத்து என்று போலீஸ் சொன்னது. அப்பாவைப் போல எம்போகோவும் ஒரு வாரம் உள்ளே இருந்தார்.

பட்டையைத் திரும்ப இடுப்பிலேயே தைத்துவிட்டார்கள். இந்தத் தடவை இரட்டைத் தையல்.

இப்போது தோட்டத்தில் மண்வெட்டி பித்தளையில் இடித்தால் எம்போகோ மண்ணைத் தள்ளி மூடிவிடுகிறார். சேர்த்ததையெல்லாம் ஆற்றில் கொட்டியாயிற்று. பெட்டியில் ஹைரியின் கோழி அடைகாக்கிறது.