சத்தம் இல்லாமல் சிரிக்க ஏலாது

பிலோமினா அன்ரி போய்விட்டார் என்ற செய்தி எனக்கு ஒரு சனிக்கிழமை காலையில் வந்தது. கெல்லிவில்லில் என் வீட்டுச் சமையலறையில், போனைக் காதில் வைத்துக்கொண்டு, அவருடைய குரலுக்காகத்தான் காத்திருந்தேன். சனிக்கிழமை என்றால் நாங்கள் மூன்று பேரும் புத்தகம் வாசிக்கப் போனில் கூடுவோம். மெல்பர்ன் நோபல் பார்க்கிலிருந்து அன்ரி, அவருக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து யோகம் அக்கா, சிட்னியிலிருந்து நான். அன்று யோகம் அக்கா மட்டும் வந்தார். "பிள்ளை, இண்டைக்கு வாசிப்பு இல்லை. அன்ரி விடியப்புறம் நித்திரையிலயே போயிட்டா" என்றார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. புத்தகத்தைப் பாதியில் விட்டுவிட்டு எப்படிப் போகலாம் இந்த மனுஷி?

இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி என்னைக் கேட்டவர் மாஸ்டர். ஓய்வுபெற்ற ஆசிரியர். நம் கூட்டங்களின் மேடைகளையும் நம் மலர்களையும் பல ஆண்டுகளாகக் கட்டிக் காப்பவர். எழுதி அனுப்பினேன். மறுநாளே கூப்பிட்டார். "தங்கச்சி, கட்டுரை அருமை. அந்தப் பகிடிப் புத்தகக் கதையை மட்டும் எடுத்துவிடுவம். அவ ஒரு தியாகப் பெண்மணி. மலரும் அதுக்கேத்த மாதிரி இருக்க வேணும்" என்றார். "அதை எடுத்துட்டா மிச்சம் என்ன மாஸ்டர் இருக்கு? பேரும் ஊரும்தான்" என்றேன். இதோ, எடுக்கவில்லை; பிறகு நடந்ததையும் சேர்த்துத்தான் தந்திருக்கிறேன். வாசித்துக்கொண்டிருக்கும் மாஸ்டருக்கு என் வணக்கம்.

உங்களில் பலருக்கு அவரை மாதா கோயிலில் முன்வரிசையில் முழந்தாளிடுபவராகத் தெரியும். போர்க்காலத்தில் மன்னாரில் ஒரு மாலை வீட்டுக்கு வந்தவர்கள், விசாரித்துவிட்டு அனுப்புகிறோம் என்று கூட்டிக்கொண்டு போன சூசை அங்கிளின் மனைவியாகத் தெரியும். அங்கிள் திரும்பவே இல்லை என்பதும் தெரியும். எனக்கு அவரை முதலில் தெரிந்தது அவருடைய சிரிப்பால். அப்போது நான் நோபல் பார்க்கில் குடியிருந்தேன். நூலகத்தில் ஒரு மத்தியானம், அலமாரிக்கு அந்தப் பக்கம் யாரோ குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும் சத்தம். எட்டிப் பார்த்தால், கார்டிகன் போட்ட ஓர் அம்மா, மடியில் தடித்த ஆங்கிலப் புத்தகம், கண்ணெல்லாம் தண்ணீர். நூலகப் பெண் வந்து மெதுவாக ஏதோ சொன்னாள். இவர் ஆங்கிலத்தில் பணிவாகப் பதில் சொல்லி அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார். "தமிழோ? நல்லது. நான் அவவுக்குச் சொன்னது என்னெண்டா, சத்தம் இல்லாமல் வாசிக்க ஏலும். சத்தம் இல்லாமல் சிரிக்க ஏலாது."

மாஸ்டர் சொன்ன அந்தப் பகிடி, அதாவது நகைச்சுவைப் புத்தகங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பெண். கேக் கடையில் இருந்த வேலை போய்விட்டதால் வேறு வேலைக்கு வருகிறாள். பிணையில் வெளியே வந்து, வழக்குத் தவணைக்குப் போகாமல் ஒளிந்துகொள்பவர்களைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோய் ஒப்படைக்கும் வேலை. பிடித்தால்தான் கூலி. அவளுக்கு அது சுத்தமாக வராது. கைவிலங்கைப் பூட்டிவிட்டுச் சாவியைத் தொலைப்பாள். பிடிபட்டவனும் அவளும் ஒரே விலங்கில் பஸ் ஏறி, அவனுடைய அம்மா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு நீதிமன்றம் போவார்கள். நடுவில் ஒரு கொலை, கடைசியில் ஒரு கொலைகாரன். ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும் தொடர். வயோதிபர் இல்லத்துக் குசினியில் அன்ரி சமையல் வேலை செய்த காலத்தில், யாரோ மேசையில் விட்டுப்போன முதல் புத்தகத்தை எடுத்தவர் பிறகு விடவே இல்லை. அந்தப் பெண்ணுக்கு அவர் வைத்த பெயர் "எங்கட பெட்டை", அதாவது நம்ம பொண்ணு.

நான் சிட்னிக்குக் குடிபெயரும் வரை, சனிக்கிழமைகளில் அவர் வீட்டுக் குசினியில் கூடினோம். யோகம் அக்காவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக ஓடாது. அதனால் அன்ரி ஒரு பக்கத்தை வாசிப்பார், அதைத் தன்னுடைய தமிழில் சொல்வார், நாங்கள் அபிப்பிராயம் சொல்வோம். அடிபிடி என்று சொல்வதுதான் சரி. யோகம் அக்காவுக்கு அந்தப் பெண் நின்றபடி சாப்பிடுவது பிடிக்காது. "ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்து சாப்பிட்டால் என்ன? கலியாணம் கட்டினாளெண்டா சரிவரும்" என்பார். "கட்டினாப் பிறகு நீ இருந்தே சாப்பிடுறாய்?" என்று அன்ரி திருப்பிக் கேட்பார். நான் துப்பறியும் கட்சி. கொலைகாரன் யார் என்று முதல் அத்தியாயத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒருமுறை பெருமை அடித்தேன். "கண்டுபிடிச்சதுக்குப் பரிசே தரப்போகினம்? பொத்திக்கொண்டு கேளும்" என்றார். அவருடைய சொந்த அபிப்பிராயம் வேறு. "இவள் இந்த வேலையில கெட்டிக்காரி இல்லை. அது அவளுக்கே தெரியும். ஆனா அடுத்த நாளும் போறாள். நானும் முதல் நாள் அந்தக் குசினியில கஸ்ரட்டைக் கரியாக்கினனான். அடுத்த நாளும் போனனான்."

அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. அந்தப் பெண் யாரையாவது பிடித்தவுடன் அன்ரி வாசிப்பதை நிறுத்திவிடுவார். விரலை எச்சில் தொட்டு நாலைந்து பக்கம் முன்னால் தட்டிப் பார்ப்பார். ஏதோ ஒரு வரியில் கண் நிற்கும். பிறகு பழைய இடத்துக்குத் திரும்பி வந்து, ஆற அமரச் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "முடிவை முதல்ல பார்த்துட்டா அப்புறம் எதுக்கு ஆன்ட்டி மர்மக் கதை?" என்று கத்தியிருக்கிறேன். "முடிவைப் பாக்கேல்லை பிள்ளை, வேற ஒண்டு பாத்தனான்" என்பார். என்ன அது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அதைக் கேட்காமலே கேட்டவர் யோகம் அக்கா. ஒரு சனிக்கிழமை, நாங்கள் இருவரும் சிரித்துக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு சொன்னார். "அன்ரி, கோவிக்காதையுங்கோ. இவள் ஆக்களைப் பிடிக்கிறவள். வீடு வீடாப் போய்ப் பிடிக்கிறவள். எங்கட ஆக்களை எப்பிடிக் கொண்டுபோனவை எண்டு தெரிஞ்ச நாங்கள் இதைப் பாத்துச் சிரிக்கலாமோ? அதுவும் நீங்கள்?" திருச்சியில் வளர்ந்த எனக்கு அந்தக் கேள்விக்குள் நுழையவே உரிமை இல்லை. அன்ரி கோபப்படவில்லை. புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"நீ சொல்லுறது சரி யோகம். நானும் முதல் புத்தகத்தை அந்தப் பயத்தோடதான் வாசிச்சனான். ஆனா பாத்தியே, இவள் கதவைத் தட்டுறாள். தன்ர பேரைச் சொல்லுறாள். எங்க கொண்டுபோறன் எண்டு தாய்க்குச் சொல்லிப்போட்டுக் கொண்டுபோறாள். கோர்ட்டில புதுத் தவணை குடுக்கினம். அடுத்த அத்தியாயத்தில அவன் வீட்டுக்கு வந்து, குந்திக்கொண்டு தேத்தண்ணி குடிக்கிறான். பிடிச்சுக்கொண்டு போன ஆள் திரும்பி வாறான் யோகம்! ஒவ்வொரு புத்தகத்திலயும், ஒவ்வொருத்தனும் வாறான். நான் அதைத்தான் முதல் தட்டிப் பாக்கிறனான். ஆள் வந்திட்டான் எண்டு கண்ட பிறகுதான் எனக்குச் சிரிப்பு வரும். வந்தாச் சிரிக்கத்தானே வேணும்?"

யோகம் அக்கா எழுந்து தேத்தண்ணிக்குக் கேத்திலைத் திரும்பவும் போட்டார். அன்றைக்கு அத்தியாயத்தை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

இனி மாஸ்டருக்குப் பிடிக்காத சம்பவம். உங்களில் பாதிப் பேர் அந்த மண்டபத்தில் இருந்தீர்கள், ஆகவே மறைப்பதற்கு ஒன்றுமில்லை. காணாமல் போனவர்களை ஒவ்வோர் ஆண்டும் நினைவுகூரும் கூட்டத்தில் அன்ரியை வெள்ளைச் சேலையில், அங்கிளின் படத்தோடு முன்னால் இருத்துவார்கள். அவரும் மறுக்காமல் போய் இருப்பார். ஓர் ஆண்டு, பேச்சாளர் வரத் தாமதமாயிற்று. அன்ரி கைப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். சற்று நேரத்தில் முன்வரிசையிலிருந்து அந்தச் சிரிப்பு வந்தது. மண்டபமே திரும்பிப் பார்த்தது. மாஸ்டர் ஓடி வந்தார். "இப்பிடியான நாளில சிரிக்கிறதோ? சனம் என்ன நினைக்கும்?" அன்ரி எழும்பவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. பக்கத்தில் இருந்த என் காதில் ஒவ்வொரு சொல்லும் விழுந்தது. "மாஸ்டர், என்ர மனுசனை நான் ஒவ்வொரு நாளும் நினைக்கிறன். நீங்கள் வருசத்துக்கு ஒருக்கா நினைக்கிறியள். நான் எப்ப சிரிக்கிறதெண்டு நீங்கள் சொல்லாதையுங்கோ. சிரிக்கிறதுக்கும் பெர்மிட் எடுக்க வேணுமோ?" பிறகு படத்தை மடியில் நேராக வைத்துக்கொண்டு, கூட்டம் முடியும்வரை இருந்தார். அடுத்த ஆண்டு அவரை முன்னால் இருத்தவில்லை. பின்வரிசையில் வெளிச்சம் நல்லாயிருக்கு என்று அங்கேயும் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தார்.

ஆகவே இந்த மலரில் அவரைக் கண்ணீரும் செபமாலையுமாக மட்டும் அச்சடித்துக் கொடுக்க என்னால் முடியாது. அவர் அழுதிருக்கிறார். அது அவருடைய அறைக்கதவுக்குள் நடந்தது, நமக்குக் காட்டியதல்ல. நமக்குக் காட்டியது சிரிப்பை. காட்டியதை விட்டுவிட்டு, காட்டாததை எழுதுவது என்ன மரியாதை?

மாஸ்டர் கடைசியாக இந்தக் கட்டுரையை அன்ரியின் மகள் ஜெனிற்றாவிடம் கொண்டுபோனார். முடிவு அவள் கையில் இருந்தது. அவளும் தயங்கினாள். "அக்கா, அம்மா பகிடிப் புத்தகம் வாசிச்சுச் சிரிச்சவ எண்டு போட்டால், அப்பாவை மறந்திட்டா எண்டு சனம் கதைக்கும். அதை என்னால தாங்கேலாது" என்றாள். அடக்கத்துக்கு வந்திருந்த நான் அன்ரி வீட்டுக் குசினியில்தான் இருந்தேன். அந்தப் பக்கம் தட்டும் பழக்கத்தைச் சொன்னேன். யோகம் அக்கா கேட்டதையும், அன்ரி சொன்ன பதிலையும், சொல் மாறாமல் சொன்னேன். "நான் நினைச்சன் அவவுக்குப் பொறுமை இல்லையெண்டு. சின்னனில நானும் ஏசியிருக்கிறன்" என்றாள் ஜெனிற்றா. மூக்கை உறிஞ்சினாள். பிறகு போனை எடுத்து, என் முன்னாலேயே மாஸ்டரைக் கூப்பிட்டாள். "அங்கிள், ஒரு சொல்லும் எடுக்க வேண்டாம். ஃபுல்லாப் போடுங்கோ. கதைக்கிற சனம் கதைக்கட்டும்."

போகும்போது அவள் ஒரு புத்தகத்தை என் பையில் வைத்தாள். அன்ரி பாதியில் விட்டுப்போன புத்தகம்தான். புனித அந்தோனியார் படம் ஒன்று நடுவில் அடையாளமாகச் செருகியிருந்தது. அன்ரியிடமிருந்து உனக்கென்று எதை வைத்துக்கொண்டாய் என்று யாராவது கேட்டால், புத்தகத்தைச் சொல்ல மாட்டேன். அந்தக் கெட்ட பழக்கத்தை வைத்துக்கொண்டிருக்கிறேன். அதுவும் எனக்கு யோகம் அக்கா வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

போன சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் மட்டும் போனில் கூடினோம். அந்தோனியார் இருந்த பக்கத்திலிருந்து நான் வாசித்தேன், என் தமிழில் சொன்னேன். எங்கட பெட்டை ஒரு கிழட்டு முடிவெட்டுபவரைத் துணி துவைக்கும் கடையில், உலர்த்தும் இயந்திரத்துக்குப் பின்னால் பிடித்துவிட்டாள். சாவி வழக்கம்போல் காணாமல் போயிருந்தது. நான் சிரிக்கத் தொடங்கினேன்.

"நில்லும் பிள்ளை" என்றார் யோகம் அக்கா.

"என்னக்கா?"

"முதல் முன்னால தட்டிப் பாரும். ஆள் வீட்ட வந்திட்டானோ?"

விரலை எச்சில் தொட்டுத் தட்டினேன். ஒரு பக்கம், இன்னொரு பக்கம், அதற்கடுத்தது. கண் கலங்கியதால் வரியைப் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அக்கா பொறுத்திருந்தார்.

"வந்துட்டார் அக்கா. பேத்திக்கு முடி வெட்டிக்கிட்டு இருக்கார்."

"அப்ப சரி" என்றார் அக்கா. "இனிச் சிரிப்பம்."

சிரித்தோம். சத்தமாகத்தான்.