முனியாண்டி நிலமும் இரண்டு பூப்பொட்டலமும்

இதை எழுத வேண்டும் என்று பல வருசமாகக் கொப்பியை எடுப்பேன், முதல் வரியிலேயே மூடி வைத்துவிடுவேன். எழுதினால் நான் சாமியை ஏமாற்றப் பார்த்ததையும் சொல்ல வேண்டும். அதை விட்டுவிட்டால் எங்கள் தோட்டத்துக்குப் பள்ளிக்கூடம் வந்த கதை பாதிக்கதை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், தெமோதரைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பள்ளிக்கூடம் என்றால் ஒரே மண்டபம், அதற்குள் ஐந்து வகுப்பு. ஒரு வகுப்பு வாய்ப்பாடு சொன்னால் பக்கத்து வகுப்பும் சேர்ந்து கத்தும். ஆறாம் வகுப்புக்குப் பஸ் ஏறிப் பதுளைக்குப் போக வேண்டும், பஸ் வந்தால். பெண்பிள்ளைகள் பெரும்பாலும் ஐந்தோடு நின்று, பிறகு கொழுந்துக்கூடை தூக்கினார்கள். என் மகள் அப்போது நாலாம் வகுப்பு.

அந்த நேரத்தில்தான் வெளிநாட்டுக் காசில் எங்கள் பள்ளிக்கு மாடிக் கட்டடம் வருகிறது, பதினோராம் வகுப்பு வரைக்கும் நடக்கும் என்று பேச்சு கிளம்பியது. உடனே இரண்டு தொழிற்சங்கமும் 'நாங்களே கொண்டுவந்தோம்' என்று இரண்டு பதாகை கட்டின. பிறக்காத பிள்ளைக்கு இரண்டு அப்பா!

கல்வி அதிகாரி ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர், மூச்சு வாங்க மலையேறி வந்தார். "காசு வந்து நிக்குது, காணிதான் இல்லை. சமதரையா வேணும். மாத முடிவுக்குள்ளை தோட்டத்திட்டைக் கடிதம் வாங்கித் தராட்டில் காசு லுணுகலைப் பக்கம் போயிடும். பிறகு என்னட்டை வந்து அழக்கூடாது."

தோட்டத்தை நடத்துகிற துரையிடம் போனோம். ஒரு தேயிலைச் செடியைக்கூடப் பிடுங்கமாட்டேன் என்றார். செடி கொழுந்து கொடுக்கும், பள்ளிக்கூடம் என்ன கொடுக்கும் என்பது அவர் நியாயம். தேயிலை இல்லாத இடம் எதுவானாலும் கையெழுத்துப் போடுவாராம். எங்கள் மலையில் தேயிலை இல்லாத சமதரை ஒன்றுதான், முனியாண்டி கல்லும் சூலமும் நிற்கிற இடம்.

"சாமியோட இடத்த நமக்குத் தாராளமாத் தர்றாரு தொர. சாமிகிட்ட யாரு கேக்குறது?" என்றார் எங்கள் சங்கத் தலைவர்.

பூக்கட்டிப் பார்ப்பதென்று முடிவானது. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. வாழையிலையில் மடித்துக் கட்டி, சாமி முன்னால் வைக்க, சின்னப்பிள்ளை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் சாமிக்கு இடம் மாறச் சம்மதம். சிவப்பு வந்தால் கும்பிட்டுவிட்டுப் பேசாமல் திரும்ப வேண்டும்.

பூசாரிக்குக் கண் மங்கல். வெள்ளிக்கிழமைதோறும் பூ கொண்டுபோகிறவன் நான் என்பதால், "நீயே கட்டிக் கொண்டாந்துடுப்பா" என்றுவிட்டார்.

சாயந்தரம் கட்ட உட்கார்ந்தேன். மகள் பக்கத்தில் வாய்ப்பாடு பாடம் பண்ணிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தேன், பூவைப் பார்த்தேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை அரளியை வைத்துக் கட்டிவிட்டேன். வீட்டுச் சாமித்தட்டில் வைத்து, விழுந்து கும்பிட்டு, "அப்பா, இந்த ஒரு தடவ கண்ண மூடிக்க" என்றேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வேலையில்லை. நாங்கள் குடியிருக்கிற லயமே திரண்டு வந்தது. தப்பு முழங்கியது. பூசாரியின் நாலு வயசுப் பேத்தி ஒரு பொட்டலத்தை எடுத்தாள். உள்ளே இனிப்பு என்று நினைத்தாளோ என்னவோ, கொடுக்கமாட்டேன் என்று ஒரே அழுகை. பிடுங்கிப் பிரித்தார்கள். வெள்ளை! பெண்கள் குலவை போட்டார்கள். நானும் போட்டேன்.

அப்போது தலைவர் கையைத் தூக்கினார். "இருங்க, இருங்க. மத்ததையும் பிரிங்க. நாளைக்கு அந்தச் சங்கத்துக்காரன் கேட்டா நான் என்னத்தச் சொல்றது?"

"சாமியே சொல்லிருச்சே தலைவரே" என்றேன்.

"நீ ஏன்யா இப்பிடி வேர்த்து ஊத்துற?"

பூசாரி நாரை அவிழ்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "செவப்பு" என்று யாரோ சொன்னார்கள். திறந்து பார்த்தால் செவ்வரளி. நான் வைக்காத பூ!

உடம்பெல்லாம் சிலிர்த்து, கால் தானாக ஆடியது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அருள் வந்திருச்சு!" என்று திருநீற்றை அள்ளி முகத்தில் அப்பினார்கள். ஓர் அம்மா, "எம்மவ ஸ்கொலர்ஷிப் பாஸ் பண்ணுவாளா சாமி?" என்று குறி கேட்டார். "பண்ணுவா, பண்ணுவா" என்றேன். அவள் பண்ணவில்லை. அந்த அம்மா இன்றைக்கும் என்னை ஒரு மாதிரித்தான் பார்ப்பார்.

துரை கையெழுத்துப் போட்டார், கட்டடம் எழும்பியது. திறப்புவிழாவில் இரண்டு சங்கமும் இரண்டு கத்தரிக்கோலால் ஒரே ரிப்பனை வெட்டின. மாடி இருந்தது, மேசை இல்லை. வெளிநாட்டுக் காசு கல்லுக்கும் சிமெந்துக்கும்தானாம். மேசையும் வாத்தியாரும் அரசாங்கக் காசில் வர வேண்டுமாம், அது வேறு பைலாம். பிள்ளைகள் புது மாடியில் சாக்கு விரித்து உட்கார்ந்தார்கள். வாச்சர் சம்பளத்துக்கும் காசு ஒதுக்கவில்லை. அதனால் முனியாண்டியை வாசலிலேயே நட்டோம். இன்றுவரை சம்பளம் கேட்காமல் காவல் நிற்கிறார்.

ஆனால் என் மகள் ஐந்து முடித்த வருசம் ஆறாம் வகுப்பு தொடங்கிவிட்டது. பதினொன்று வரை அங்கேயே படித்தாள், உயர்தரம் பதுளையில். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒருநாள், அதே பள்ளிக்கு ஆசிரியை நியமனக் கடிதம் வந்தது. அன்றைக்கு இனியும் தாங்காது என்று மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். நான் கட்டிய வெள்ளையை முனியாண்டி சிவப்பாக்கிய அதிசயத்தைச் சொன்னேன்.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அதிசயமா? நாந்தான் மாத்துனேன். நீங்க பீலித்தண்ணியில குளிக்கப் போனப்ப தட்டத் தொடச்சேன். ஒரு கட்டு அவுந்து கெடந்துச்சு, வெள்ள. மத்ததப் பாத்தா அதுவும் வெள்ள. சாமிகிட்டயே ஏமாத்து வேலையான்னு ஒண்ணுல செவ்வரளிய வச்சுக் கட்டிட்டேன்."

"செவப்பு வந்திருந்தா? புள்ள படிப்பு என்னாவுறது?"

"பதுளைக்கு நடத்தியே கூட்டிப் போயிருப்பேன். கேக்குறதுன்னா நேர்மையாக் கேக்கணும்ல?"

"இத்தன வருசமா ஏன் சொல்லல?"

"நீங்களாச் சொல்லுவீங்கன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பிள்ளை கை வைக்கும்போது ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. அப்படியானால் முனியாண்டி நிசமாகவே கொடுத்திருக்கிறார்! முற்றத்தில் குதித்தேன். "அப்பாவுக்கு மறுபடியும் அருளா?" என்று மகள் கடிதத்தோடு ஓடி வந்தாள்.

இப்போது லயத்தில் பலவிதமாகச் சொல்கிறார்கள். துரையின் கனவில் முனியாண்டி வந்தாராம். தலைவர் மிரட்டி வாங்கினாராம். நீங்கள் யாருக்காவது சொன்னால், தயவுசெய்து இதில் உள்ளபடியே சொல்லுங்கள். என் இரண்டு வெள்ளையையும் மறைக்காதீர்கள், என் மனைவி வைத்த சிவப்பையும் விட்டுவிடாதீர்கள். எதை விட்டாலும், அது முனியாண்டி மனசாரக் கொடுத்த நிலம் என்பது போய்விடும்.