பாயசம் எத்தனை கிராம்

மகள் மிதுனாவுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த நாள் முதல் தமிழ்ப்ரியா ஓரிடத்தில் உட்கார்ந்ததில்லை. எருத்தேன்பதியில் தென்னந்தோப்புக்குள் வீடு. கணவன் சிவப்பிரகாஷ் தோப்பைப் பார்த்துக்கொள்ள, அவள் குழந்தையின் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு வயதுப் பெண் ஒவ்வொரு வேளையும் எவ்வளவு சாப்பிடுகிறாள் என்று எடை கண்டு, அதற்கேற்றபடி இன்சுலின் போடவேண்டும். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து.

வீட்டில் தராசு இல்லை. கோடு போட்ட பிளாஸ்டிக் டம்ளர் ஒன்று இருந்தது. ஒருநாள் காலை அதில் இருநூறாவது கோடு வரைக்கும் ரவை உப்புமாவை அள்ளி, இருநூறு கிராம் என்று கணக்குப் போட்டு ஊசி போட்டு அனுப்பினாள். இடைவேளைக்கு முன்பே பள்ளியிலிருந்து போன் வந்தது. மிதுனா வேர்த்து நடுங்குகிறாள், சர்க்கரைத் தண்ணீர் கொடுத்திருக்கிறோம் என்றார்கள். சிவப்பிரகாஷ் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பைக்கை விரட்டினான். போய்ச் சேர்ந்தபோது குழந்தை பெஞ்சில் படுத்திருந்தாள். பேசினாள். அது போதும் என்றிருந்தது.

ஆஸ்பத்திரியில் உணவுமுறை சொல்லிக்கொடுக்கும் பின்சியைப் பள்ளியிலிருந்தே போனில் கூப்பிட்டு, டம்ளரில் அளந்ததைத் தமிழ்ப்ரியா சொன்னாள்.

"சேச்சி, அந்தக் கோடு எம்.எல். தானே? தண்ணின்னா இருநூறு எம்.எல். இருநூறு கிராம் இருக்கும். உப்புமாவில நடுவுல எல்லாம் காத்து. அத்தனை கனம் வராது. ஊசி கூடிப்போச்சு."

அன்றைக்கே தராசு வாங்கினார்கள். அதே கோடு வரைக்கும் உப்புமா நிறுத்தால் நூற்று முப்பது. அமுக்கி வைத்தால் நூற்றறுபது. பொரியோ இருபத்தைந்துகூட வரவில்லை. இத்தனை நாளும் எதை நம்பி ஊசி போட்டோம் என்று தமிழ்ப்ரியா நினைத்தாள். அதற்குப் பிறகு தராசில் ஏறாத எதுவும் குழந்தையின் வாய்க்குப் போகவில்லை. மிதுனா பசியோடு காத்திருந்து, சில நாள் வேண்டாமென்று எழுந்துபோனாள்.

நல்லேப்பிள்ளியில் நாத்தனார் வீட்டுக் காதுகுத்துக்குத் தராசைப் பையில் போட்டுக்கொண்டுதான் போனாள்.

"ஏனுங் அண்ணி, ஒரு நாளைக்கு என்னாயிரும்? புள்ளைய உடுங்க," என்றாள் நாத்தனார்.

பந்தி போடுவதற்குள் மிதுனாவைக் காணோம். வீட்டைச் சுற்றி ஓடிய தமிழ்ப்ரியா, கொல்லைப்புறத்தில் டம்ளரும் கையுமாக நின்ற மகளைக் கண்டாள். உதட்டில் பால் பாயசம்.

ஓங்கிய கையை அவளே இறக்கினாள். அடித்தால் அடுத்த முறை ஒளிந்து குடிப்பாள்.

"எதுவரைக்கும் இருந்துச்சு சாமி?"

மிதுனா அழுதுகொண்டே டம்ளரின் பாதியில் விரலை வைத்தாள். "இதுவரைக்குமுங் அம்மா. பொய் சொல்லலைங்."

தமிழ்ப்ரியா வெறும் டம்ளரை நிறுத்தாள். அண்டாவிலிருந்து விரல் வைத்த இடம் வரைக்கும் பாயசம் ஊற்றி மறுபடி நிறுத்தாள். டம்ளரின் எடையைக் கழித்தாள். பின்சியிடம் எண்ணைச் சொல்லி, எவ்வளவு இன்சுலின் என்று கேட்டுப் போட்டாள். சமையல்காரர் கரண்டியோடு பார்த்துக்கொண்டே நின்றார்.

இரண்டு மணி நேரம் வாசலுக்கும் அறைக்கும் நடந்தாள். யார் என்ன கேட்டார்கள், என்ன பதில் சொன்னாள் என்பது நினைவில்லை. பிறகு விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை நூற்று எழுபது. பயப்பட ஒன்றுமில்லை என்றாள் பின்சி.

திரும்பும் பஸ்ஸில் மிதுனா மடியில் தூங்கினாள். வேர்க்கிறதா என்று தமிழ்ப்ரியா நெற்றியைத் தொட்டாள். சற்றுப் பொறுத்து மறுபடியும் தொட்டாள்.

"தூங்க உடுங் அம்மா," என்று மிதுனா கையைத் தட்டிவிட்டாள்.