காகிதம் நன்றாக இருக்கிறது

இன்ஷிராவுக்குப் புத்தகம் படிப்பதைவிட, படித்த புத்தகத்தைத் திட்டுவதில்தான் ருசி அதிகம். அலெக்சாண்டிரியாவில் முஹர்ரம் பே பகுதியில் மூன்றாவது மாடி வீடு. தபால் ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்ற கை. அந்தக் கையில் இப்போது பென்சில். பழைய புத்தகக் கடை ஃபக்ரியிடமிருந்து ஒரு நாவலை எடுத்து வருவாள். முடித்ததும் கடைசி வெற்றுப் பக்கத்தில் தன் அபிப்பிராயத்தை எழுதி, அவரிடமே கொடுத்து வேறு நாவல் மாற்றிக்கொள்வாள்.

"கதாநாயகி பதினேழு தடவை அழுதாள். நான் அத்தனை தடவையும் கொட்டாவி விட்டேன்."

"இந்த ஆள் முலுக்கியாக் கீரையை ஒரு மணி நேரம் கொதிக்க விடுகிறார். இலையெல்லாம் அடியில் போய் உட்கார்ந்திருக்குமே! அடுப்பங்கரைப் பக்கமே போகாதவருக்குக் காதலைப் பற்றி மட்டும் என்ன தெரிந்துவிடப் போகிறது?"

"கொலைகாரன் யாரென்று நாற்பதாம் பக்கத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. போலீஸ்காரருக்கு முந்நூறாம் பக்கத்தில்தான் தெரிகிறது. அவருக்குப் பதவி உயர்வு வேறு."

ஃபக்ரியின் வாடிக்கையாளர்கள் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கே போவார்கள். திட்டு காரசாரமாக இருந்தால் புத்தகம் உடனே விற்றுவிடும். ஆனால் ஒரு வரி உண்டு: "காகிதம் நன்றாக இருக்கிறது." அவ்வளவுதான் எழுதியிருக்கிறாள் என்றால் அந்தப் புத்தகத்தின் கதை முடிந்தது. பக்கத்துக் கடையில் சூரியகாந்தி விதைக்குப் பொட்டலம் மடிக்கப் போய்விடும்.

இப்பேர்ப்பட்டவளுக்கு வந்து வாய்த்த சம்பந்தி ஒரு நாவலாசிரியர்!

மகள் ரபாப் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். அங்கே பழக்கமானவன் நஷ்அத், தங்கமான பையன். அவன் அப்பா அப்துல் கஃபார் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி ரத்தீபா இறந்து ஆறு வருஷம் ஆகிறது. பெண் பார்க்க வந்த மனிதர் பஸ்பூசா இனிப்புப் பெட்டியோடு, தானே எழுதித் தானே அச்சடித்த முந்நூற்றுப் பன்னிரண்டு பக்க நாவல் ஒன்றையும் இன்ஷிராவிடம் நீட்டினார்.

"படிச்சுட்டு மனசுல பட்டதை ஒளிக்காம சொல்லணும் சம்பந்தியம்மா. வர்ற வெள்ளிக்கிழமை ஃபாத்திஹா ஓதி நிச்சயம் பண்ண வருவோமில்ல, அப்போ கேப்பேன்."

அவர்கள் படியிறங்கியதும் ரபாப் ஓடிவந்தாள். "அம்மா, அது படகுக்காரன் அழைப்பு. புரியுதா?"

நடு ஆற்றில் போகிற படகுக்காரன் கரையில் நிற்பவனைப் பார்த்து, 'வாங்க, சாப்பிடலாம்' என்று கூப்பிடுவான். பதிலுக்கு 'நல்லா இருங்க' என்று கையாட்ட வேண்டுமே தவிர, தண்ணீரில் குதித்துவிடக் கூடாது. எங்கள் ஊரில் பாதி உபசாரம் இந்த வகைதான்.

"அவர்தானேடி வாய் விட்டுக் கேட்டாரு!"

"கேப்பாரு. எழுதறவங்க எல்லாரும் அப்படித்தான் கேப்பாங்க. 'பிரமாதம்'னு ஒரே ஒரு வார்த்தை சொல்லும்மா. எனக்கு நஷ்அத்தை விட்டா வேற யாரும் வேணாம். உன் வாயால கெடுத்துடாதே." குரல் உடைந்துவிட்டது. போகிற போக்கில் அம்மாவின் பென்சிலையும் பிடுங்கிக்கொண்டு போனாள்.

இன்ஷிரா படித்தாள். ஒரு ஸ்டேஷன் மாஸ்டர், அவர் மனைவி. நாலாம் அத்தியாயத்தில் மனைவி காய்ச்சலில் செத்துப்போகிறாள். மிச்சமெல்லாம் ரயில், ரயில், ரயில். ஒரு சிக்னல் விழ ஆறு பக்கம்! பென்சில் இல்லாத விரல்கள் துடித்தன. நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் "யா அல்லாஹ்!" என்று கத்தியேவிட்டாள். அப்புறம் மகளை நினைத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஃபாத்திஹா ஓதி முடிந்ததும் கொடுக்கச் சிவப்பு ஷர்பத் டம்ளர்களைத் தட்டில் அடுக்கிவைத்திருந்தாள் ரபாப். அப்துல் கஃபாருக்கு அதுவரை பொறுமை இல்லை.

"சொல்லுங்க சம்பந்தியம்மா. எப்படி?"

'பிரமாதம்' என்றுதான் சொல்லப் போனாள். சத்தியமாக! அது தொண்டை வரை வந்து மீன் முள்ளாக மாட்டிக்கொண்டது. வாய் தன் பாட்டுக்குப் பழைய வழக்கப்படி சொல்லிவிட்டது: "காகிதம் நல்லா இருக்கு."

அவர் முகம் செத்துப்போயிற்று. "பதினஞ்சு வருஷமா ஃபக்ரி கடைக்குப் போறவன் நான். அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா?"

நஷ்அத் தலையைக் குனிந்துகொண்டான். சமையலறை வாசலில் ரபாப் கண் நிறைய நீரோடு நின்றாள். பெற்ற மகளின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனே என்று இன்ஷிரா தன்னையே திட்டிக்கொண்டாள்.

"நாப்பது பேருக்குக் குடுத்தேன்," என்றார் அவர். "நாப்பது பேரும் பிரமாதம்னாங்க, இதோ இவன் உள்பட. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. நீங்களாவது நல்லாத் திட்டுவீங்கன்னு நம்பினேன். திட்டக்கூட இல்லைன்னா, நீங்க படிக்கவே இல்ல!" என்று எழுந்துவிட்டார்.

படிக்கவில்லையாமே! மகள், நிச்சயம், ஷர்பத், எல்லாம் இன்ஷிராவுக்கு மறந்துபோயிற்று.

"யாரைப் பாத்துப் படிக்கலைங்கறீங்க? உக்காருங்க! ஒரு சிக்னல் விழ ஆறு பக்கமா? அதுக்குள்ள நான் ரெண்டு கிலோ அரிசியில கல்லு பொறுக்கிடுவேன். மாஸ்டரோட தம்பிக்கு மூணு இடத்துல மூணு பேரு. அதெல்லாம் போகட்டும். நாலாம் அத்தியாயத்துல மண்ணுக்குள்ள வெச்ச பொண்டாட்டி, நூத்தி நாப்பத்தி மூணாம் பக்கத்துல புதினா கிள்ளிப் போட்டு டீ கொண்டு வர்றாளே, அது எப்படிங்க? அங்கயே அடுப்பும் வெச்சுக் குடுத்தீங்களா?"

அப்துல் கஃபார் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். படித்தார். மறுபடி படித்தார். மெல்ல உட்கார்ந்தார்.

"சாயங்காலம் அசர் தொழுகை முடிஞ்சதும் ரத்தீபா டீ கொண்டு வருவா. புதினா போட்டுத்தான். கதையிலயும் அதே நேரம் வந்துச்சா... கை தானா எழுதியிருக்கு. நான் கவனிக்கவே இல்ல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தப்புதான். அடிச்சுடறேன்."

தான் சொன்ன அடுப்புக் கேலி இன்ஷிராவையே திருப்பிச் சுட்டது.

"ரபாப், என் பென்சிலை எங்கடி ஒளிச்சு வெச்சே? கொண்டா."

பருப்பு டப்பாவிலிருந்து பென்சில் வந்தது. இன்ஷிரா புத்தகத்தை அவர் கையிலிருந்து எடுத்தாள். நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தைத் தொடவில்லை. பின்னுக்குப் புரட்டி, நாலாம் அத்தியாயத்தின் குறுக்கே மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு இழுத்தாள்.

"டீ இருக்கட்டும் உஸ்தாத். சாவை எடுத்துடுங்க. அப்படியே சிக்னலையும் ரெண்டு பக்கத்துக்குக் குறைச்சுடுங்க."

அப்துல் கஃபார் ரொம்ப நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, ஃபாத்திஹாவை ஆரம்பித்தார்.