மத்தாப்புக்கு மூன்று சுற்று

என் அக்கா வீட்டுக்காரர் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். மேகம் கண்ணில் பட்டதும் காயப்போட்ட வெடிகளை மூடத் தார்ப்பாயோடு ஓடுவது அவர் வேலை. அதனாலேயே வானத்தைத் தன்னைவிட அறிந்தவன் எவனுமில்லை என்ற நினைப்பு அவருக்கு.

ஒரு வருடம் தீபாவளி சீசன் முடிந்து கம்பெனி அடைத்ததும் எல்லாரும் வேன் பிடித்துக் கொடைக்கானல் போனோம். நான் ஸ்வெட்டரும் குடையும் எடுத்து வைத்ததைப் பார்த்துச் சிரித்தார்.

“என்ன மாப்ள, காசிக்கா போற? மழையெல்லாம் வராது. நான் சொல்றேம்ல.”

அதை நம்பி அக்காவும் பிள்ளைகள் இரண்டும் தீபாவளிக்கு எடுத்த மெல்லிசுத் துணியில் வந்தார்கள். ஆனால் மலையில் கொளுத்துவதற்கென்று அவர் கொண்டுவந்த கம்பி மத்தாப்புப் பெட்டிக்கு மட்டும், வராத மழைக்காக, மூன்று சுற்று பாலிதீன் தாள்.

ஏரிக்கரையில் இறங்கியதுமே மழை கொட்டியது. என் ஒற்றைக் குடைக்குள் பிள்ளைகள் பல் தந்தியடிக்க நின்றார்கள்.

“மச்சான், அந்தத் தாளயாவது பிரிச்சுக் குடுங்க. அக்கா நனையுதுல்ல.”

“மத்தாப்பு நமத்துப் போகும்லே.”

பெண்டாட்டி நமத்துப் போக மாட்டாள் போலிருக்கிறது.

மழை விட்டதும் பெட்டியைப் பிரித்தார். மத்தாப்பு உலர்ந்தே இருந்தது. சட்டைப்பையிலிருந்து எடுத்த தீப்பெட்டிதான் கூழாகியிருந்தது. நாட்டுக்கே தீப்பெட்டி அனுப்பும் ஊர்க்காரர், ஈரக் குச்சிகளை ஒவ்வொன்றாக உரசிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“அம்புட்டையும் கட்டித் தூக்கிட்டு வந்தியே மாப்ள, ஒரு தீப்பெட்டி எடுத்து வைக்கணும்னு தோணலயா?”