சுண்ணாம்பு பட்ட கன்னம்

என் மகளின் இடக் கன்னத்தில் கடுகளவு சிவப்புப் புள்ளி வந்தபோது அவளுக்கு நான்கு வயது. அதைச் சுற்றி மயிரிழை போலச் சிவப்புக் கோடுகள். கும்மிடிப்பூண்டியில் தோல் மருத்துவர் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து அழுத்திக் காட்டினார். சிவப்பு மறைந்தது. எடுத்ததும் நடுவிலிருந்து மறுபடி ஊறியது.

"சின்ன ரத்தக் குழாய் விரிஞ்சிருக்கும்மா, வேற ஒண்ணுமில்ல. தானா போயிடலாம். போகலன்னா பெரியவளானதும் லேசர்ல எடுத்துக்கலாம். இப்ப கை வெக்காதீங்க."

கவரைப்பேட்டைக்குத் திரும்பியதும் மாமியாரிடம் சொன்னேன்.

"ஒண்ணும் பண்ணாதன்னு சொல்ல ஒரு டாக்டரு, அத கேட்டுக்கினு வர ஒரு படிச்சவ. பொட்டப் புள்ள மூஞ்சிடி! மரு பரவிச்சின்னா இன்னா பண்ணுவ?"

"மரு இல்ல அத்த."

"நீ கண்டியா?"

கண்ணாடிக்கடியில் அது வெளுத்ததைக் கண்டிருந்தேன். இருந்தும் தினமும் காலையில் புள்ளியைக் கைப்பேசியில் படமெடுத்து முந்தைய நாள் படத்தோடு ஒப்பிட்டேன். பெரிதானது போலவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கணவர் ஷிப்டுக்குப் போனதும், மாமியார் வெற்றிலைச் சுண்ணாம்பில் துணி துவைக்கும் சோடாவைக் குழைத்து ஈர்க்குச்சியில் எடுத்து வந்தார். அவர் கழுத்து மருவெல்லாம் அதில்தான் உதிர்ந்ததாம்.

"தலையப் புடி."

பிடித்தேன்.

"எரியுதும்மா! உடும்மா!"

"எரிஞ்சாத்தான்டி உதிரும்."

அதன் பிறகும் சிறிது நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் அவளைக் குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தண்ணீரோடு தோலும் வழன்று வந்தது.

மறுநாள் மருத்துவர் முகம் சிவக்கக் கேட்டார்: "யாரும்மா இத வெச்சது?"

கூட வந்திருந்த மாமியார் முந்திக்கொண்டார். "இவதான் சார். போனுல எதையோ பாத்துட்டு வெச்சிட்டா."

வாயைத் திறந்தேன். தலையைப் பிடித்தது யார் என்று அடுத்துக் கேட்பாரே என்று மூடிக்கொண்டேன். திட்டெல்லாம் நானே வாங்கிக்கொண்டேன். "அந்தச் சிவப்ப எப்ப வேணா எடுத்திருக்கலாம். இந்தத் தழும்ப எடுக்கறதுதான் கஷ்டம்" என்றார்.

புண் ஆறிப் பள்ளமாகிவிட்டது. அதன் ஓரத்தில் அதே சிவப்புப் புள்ளி மறுபடி எட்டிப் பார்க்கிறது. இப்போது என் மகளுக்குப் பொட்டு வைக்கக்கூட மாமியாரை நான் விடுவதில்லை.

"நானா புடிச்சேன் தலைய?" என்று வீடு அதிரக் கேட்கிறார்.

தலை வார நான் சீப்பை எடுத்தால், மகள் கன்னத்தைப் பொத்திக்கொள்கிறாள்.